நேட்டால் போன முன்னோர்: கேள்வி பதில்

1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலுள்ள டர்பன் போய்ச் சேர்ந்தது. அது தொடங்கி 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்டவற்றில் சில:

கேள்வி: ஐயா, டி.என்.ஏ. சோதனையில் 'தென்னிந்தியா' என்று மட்டும் வந்தது. பூர்வீக ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சோதனை ஊர்ப்பெயர் சொல்லாது, கப்பல் பட்டியல் சொல்லும். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். அதற்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலிருந்த தழும்பு வரை எழுதி வைத்தார்கள். முதலில் அந்த எண்ணைப் பிடியுங்கள். வீட்டிலிருக்கும் பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களில் பெற்றோர் பெயரை ஒட்டி அது இருக்கலாம்.

கேள்வி: எண் இல்லை. முனுசாமி என்ற பெயர் மட்டும்தான் தெரியும்.

பதில்: முனுசாமிகள் ஏராளம். தகப்பன் பெயரோ கூட வந்த மனைவி பெயரோ வேண்டும். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார், அதனால் எழுத்தை நம்பாமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: பட்டியலில் வட ஆற்காடு என்று இருக்கிறது. வேலூருக்குப் போனால் போதுமா?

பதில்: டிக்கெட் எடுக்குமுன் தாலுகாவைப் பாருங்கள். 1911 வரை சித்தூர்ப் பகுதியும் வட ஆற்காட்டில்தான் இருந்தது. குடியாத்தம் என்றால் வேலூர்ப் பக்கம், போளூர் என்றால் திருவண்ணாமலை மாவட்டம். சந்திரகிரி, பலமனேரி என்றால் நீங்கள் போக வேண்டியது ஆந்திராவுக்கு.

கேள்வி: ஊரில் ஒரு குடும்பம் எங்கள் உறவு என்கிறது. டி.என்.ஏ. அதை நிரூபிக்குமா?

பதில்: சோதனைக்கு உண்மையான வேலை இங்கேதான். ஒரே எள்ளுத்தாத்தாவின் வழி வந்த இருவருக்குச் சராசரியாக 0.8 சதவீத டி.என்.ஏ.தான் ஒத்திருக்கும்; சுமார் பத்தில் ஒரு ஜோடிக்கு ஒன்றுமே ஒத்துவராது. ஆகவே பொருந்தவில்லை என்றதும் உறவை மறுத்துவிடாதீர்கள். நம்மிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. அத்தை மகள், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டியதால், தூரத்து உறவும் நெருங்கியதாகத் தெரியும். இரு பக்கமும் இருக்கிற மூத்தவர்களைச் சோதியுங்கள், அதுவும் சீக்கிரமாக. தகப்பன் வழி பங்காளி என்று சொன்னால் இரு வீட்டு ஆண்களும், தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் ஒய் குரோமோசோமைச் சோதனை செய்யலாம்.

கேள்வி: தாய்வழிச் சோதனையில் 'எம்' வகை மரபுக் குழு என்று வந்தது.

பதில்: இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்த வகைதான். உட்பிரிவு தெரியாமல் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: பாட்டி வழி மொரீஷியஸ். அங்கும் பட்டியல் உண்டா?

பதில்: உண்டு. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்கு எழுதுங்கள். குடியேற்ற ஆவணங்கள் அங்கேதான் இருக்கின்றன. சிலருக்குப் புகைப்படம்கூடக் கிடைக்கும்.