'பாட்டி' என்று அழைத்தால் கோபம் வருமா?

கேள்வி: முதியோர் இல்லம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகப் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். எல்லோரையும் 'பாட்டி', 'தாத்தா' என்று பாசமாகத்தான் அழைப்பேன். புதிதாக வந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "நான் உனக்குப் பாட்டி இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் செய்தது தவறா?

பதில்: உங்கள் பாசத்தை அவர் சந்தேகித்திருக்கமாட்டார், தன்னைக் கேட்காமலேயே உறவு கொண்டாடியது அவரை உறுத்தியிருக்கும். வீட்டையும் பழகிய பொருள்களையும் விட்டுவிட்டு ஓர் அறைக்குள் வந்து சேர்ந்தவரிடம், பல ஆண்டுகள் பிறர் அழைத்த 'டீச்சர்' என்ற பெயராவது மிஞ்சியிருக்க வேண்டாமா? "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று நாளைக் காலையிலேயே கேட்டு, அவர் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்; இல்லையென்றால் இரவுப் பணிக்கு வருபவர் மறுபடியும் 'பாட்டி' என்றே தொடங்குவார். சொல்லும் நிலையில் இல்லாதவர்களுக்காகக் குடும்பத்தாரைக் கேளுங்கள். 'பாட்டி' என்பதையே விரும்புகிறவர்களும் உண்டு. அவர்களிடம் தாராளமாக அப்படியே தொடரலாம்.

அழைக்கும் பெயரைவிட, அதன்பின் வரும் வினைச்சொல்லைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். 'பாட்டி சாப்பிட்டுச்சா', 'தாத்தா தூங்குது' என்று பேரப்பிள்ளைகள் செல்லமாகச் சொல்வது வேறு. கட்டிலுக்கு இருபுறமும் நின்று விரிப்பை மாற்றுகிற இரண்டு பணியாளர்கள், படுத்திருப்பவரின் காதுபட அப்படிப் பேசிக்கொள்வது வேறு. 'ஏழாம் நம்பருக்கு மாத்திரை ஆச்சா' என்பது அதனினும் மோசம். 'நாம குளிக்கலாமா, செல்லம்' என்பதும் வேண்டாம், குளிக்கப்போவது அவர் மட்டும்தானே!

குழந்தையைக் கொஞ்சுவதுபோல் குரலைக் கீச்சென்று உயர்த்தி இழுத்துப் பேசுவதால் வேறொரு சிக்கலும் உண்டு. வயதாகும்போது பெரும்பாலும் முதலில் மங்குவது கீச்சொலிகளைக் கேட்கும் திறன்தான் என்பதால், சற்றுத் தாழ்ந்த, நிதானமான குரலே அவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். மறதிநோய் உள்ளவர்களிடம் இப்படிக் கொஞ்சிப் பேசும்போது, அவர்கள் பராமரிப்புக்கு இணங்க மறுப்பது கூடுவதை 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வும் காட்டியது.

அவர் உங்களை 'நீ' என்றே சொல்லக்கூடும். வயதில் மூத்தவர், சொல்லிவிட்டுப் போகட்டும். நாளை உடை மாற்றும்போது, "டீச்சர், இடது கையைக் கொஞ்சம் தூக்குகிறீர்களா?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டு, நீங்களே கையைப் பிடித்துத் தூக்கிவிடாமல், அவர் தூக்கும்வரை காத்திருங்கள்.