கடல் மட்டம் ஏறினா சென்னை முழுகிடுமா? ஓஎம்ஆர், ஈசிஆர் பக்கம் வீடு வாங்கலாமா?

கடல் ஏறினா முழுகற இடம்னு சென்னைக்கு நீலம் அடிச்ச மேப் ஒண்ணு எங்க ஃபேமிலி குரூப்லயும் சுத்திட்டுதான் இருக்கு, "2050ல சென்னை இருக்காது"ன்னு சிவப்பு எழுத்துல. நேரா சொல்லிடறேன், 2050ல சென்னை முழுகாது. ஆனா வீடு வாங்கப் போறவங்க பயப்பட வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு, அது அந்த மேப்ல இல்ல.

அந்த மாதிரி மேப் பெரும்பாலும் எப்படி போடுறாங்கன்னா, தரையோட உயரத்தை எடுத்துப்பாங்க, கடல் ஏத்தம், புயல் வெள்ளம் எல்லாம் சேத்து ஒரு அளவு வச்சு அதுக்குக் கீழ இருக்கற இடத்துக்கெல்லாம் நீலம் அடிச்சிடுவாங்க. நடுவுல சுவர் இருக்கா, தண்ணி உள்ள வர வழி இருக்கா, வந்தா வெளிய போகுமா, இதெல்லாம் ஒழுங்கா கணக்குல வராது. ஐ.நா.வோட காலநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசியோட 2021 ரிப்போர்ட்ல இருக்கறது என்னன்னா 1901லருந்து 2018 வரைக்கும் உலக சராசரியா 20 செ.மீ. ஏறியிருக்கு, 2006லருந்து 2018 வரைக்கும் வருஷத்துக்கு 3.7 மி.மீ. வேகத்துல ஏறியிருக்கு, 2100க்குள்ள நாம எவ்ளோ புகை விடறோம்ங்கறதைப் பொறுத்து கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேலருந்து ஒரு மீட்டர் வரைக்கும் போகலாம். சென்னையோட சராசரி உயரம் ஆறு மீட்டருக்கு மேல. அதனால அலை வந்து டி.நகர்ல நிக்கப் போறதில்ல.

பிரச்சனை வேற பக்கத்துலருந்து வருது. இந்த ஊர்ல பெய்யற மழை முக்கால்வாசி நாலு வாசல் வழியாதான் கடலுக்குப் போகணும். எண்ணூர்ல கொசஸ்தலை ஆறு, நேப்பியர் பாலம் கிட்ட கூவம், பட்டினப்பாக்கத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நடுவுல அடையாறு, அப்புறம் தெற்க முட்டுக்காடு. வேளச்சேரி, மடிப்பாக்கம், நாராயணபுரம்னு சுத்துவட்டார ஏரித் தண்ணியெல்லாம் பள்ளிக்கரணை சதுப்புல இறங்கி, ஒக்கியம் மடுவுங்கற ஓடை வழியா பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து, அங்கருந்து தெற்க ஓடி முட்டுக்காடு முகத்துவாரத்துல கடலைப் பார்க்கணும், அவ்ளோ தூரமும் தரை சப்பட்டை, சரிவுன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணுமே கிடையாது. தினமும் கடல் மட்டம் ஏறி இறங்கும்ல, அது வத்தத்துல இருந்தா தண்ணி இறங்கும். ஏத்தத்துல இருந்தா அப்படியே நிக்கும், சில நேரம் திரும்பியும் வரும். வாஷிங் மெஷின் அவுட்லெட் பைப்பை நிரம்பின பக்கெட்டுக்குள்ள முக்கி வச்ச கதைதான்.

இப்ப அந்த கால் மீட்டர், அரை மீட்டருக்கு வாங்க. சென்னையில பெரிய ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசமே சுமார் ஒரு மீட்டர்தான். கடல் அரை மீட்டர் ஏறிடுச்சுன்னா இன்னைக்கு உச்ச ஏத்தம்னு சொல்றது அன்னைக்கு நடு மட்டம் ஆயிடும், அதாவது இன்னைக்கு தண்ணி நிம்மதியா வடியற அந்த சில மணி நேரமும் சுருங்கிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல "கடல் தண்ணிய வாங்க மாட்டேங்குது"ன்னு டிவியில திரும்பத் திரும்ப சொன்னாங்களே, அதுதான் இது. புயல் கடலைத் தூக்கிப் பிடிச்சிருந்த அதே நேரத்துல மழையும் கொட்டுச்சு, மழை விட்ட பிறகும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாள் கணக்குல வடியல. இதுல ஏரியை வீடாக்கின நம்ம பங்கும் இருக்கு, எல்லாத்தையும் கடல் தலையில போட முடியாது. ஆனா கடல் ஏற ஏற அதே மழைக்கு வெள்ளம் இன்னும் அதிக நாள் நிக்கும்.

வெனிஸ்ல 2020லருந்து மோசேன்னு பெரிய கதவு வச்சு கடலை மூடுறாங்களே, இங்கயும் வச்சா என்னன்னு சிலர் கேப்பாங்க. அவங்க ஊர்ல கடல் ஏறும்போது கதவை மூடினா வேலை பெரும்பாலும் முடிஞ்சுது. நமக்குப் புயலும் மழையும் சேர்ந்தே வர்ற சங்கதி, முகத்துவாரத்தை மூடினா அடையாத்துல வர்ற தண்ணி எங்க போகும்? ராட்சத பம்ப் வச்சு இறைக்கணும், அதுவும் கரண்ட் கட் ஆகற ராத்திரியில. என்னைக் கேட்டா சதுப்பையும் ஏரியையும் விட்டு வச்சு தண்ணிக்குக் காத்திருக்க இடம் குடுக்கறதுதான் இதை விட சீப்.

இந்தோனேசியாவோட ஜகார்த்தாவையும் பாக்கணும். அங்க கடல் ஏறினதை விட ஊர் இறங்கினதுதான் ஜாஸ்தி, நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி வட ஜகார்த்தாவுல சில இடம் வருஷத்துக்கு 10 செ.மீ.க்கு மேல கூட இறங்கியிருக்கு, முவாரா பாரு பக்கம் கடல் சுவருக்கு வெளிய ஒரு பழைய மசூதி தண்ணியிலயே நிக்குது. 2019ல தலைநகரையே போர்னியோ தீவுக்கு மாத்தறதா அறிவிச்சாங்க. சென்னை அந்த வேகத்துல இறங்கல, ஆனா உறிஞ்சறதுல நாம சளைச்சவங்க இல்ல. சென்னைக்கு வடக்க மீஞ்சூர் பக்கம் ஓவரா இறைச்சு கடல் தண்ணி நிலத்துக்கடியில பல கிலோமீட்டர் உள்ள வந்துடுச்சு, 1987ல நிலத்தடி நீருக்குன்னு தனிச் சட்டமே போட வேண்டியதாச்சு. கடலோரமா போற ஈசிஆர் பக்கம் மணலுக்கு அடியில நல்ல தண்ணி மெல்லிசாதான் இருக்கு, அதுக்குக் கீழ உப்பு. கடல் ஏறினா அந்த உப்பும் மேல ஏறும், லாரித் தண்ணிக்காரங்களுக்கு நல்ல காலம்.

வட சென்னை தனிக் கதை. 1870கள்ல துறைமுகம் கட்ட ஆரம்பிச்சப்புறம் வடக்கு நோக்கிப் போன மணல் அங்க தடுத்து நின்னுடுச்சு, அதனாலதான் மெரினா இவ்ளோ அகலம். ராயபுரத்துலருந்து வடக்க மணல் வராம கரை அரிச்சு, குப்பங்களுக்கு முன்னாடி கல்லைக் கொட்டி வச்சிருக்காங்க. அலையைத் தாங்க மணலே இல்லாத அந்த மக்களுக்குத்தான் கடல் முதல்ல வரும், வீடு வாங்கற நமக்கு அப்புறம்தான்.

சரி, உங்க வீட்டு விஷயம். பில்டர் பிரவுச்சர்ல கடல் எவ்ளோ தூரம்னு பாக்கறதை விட்டுட்டு அந்தத் தெருவுல மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடும், கடைசியா எந்த முகத்துவாரத்துக்குப் போகும்னு பாருங்க. 2015லயும் 2023லயும் எவ்ளோ நின்னுது, எத்தனை நாள் நின்னுதுன்னு எதிர்ல இருக்கற டீக்கடையில கேளுங்க, புரோக்கர்கிட்ட கேக்காதீங்க. கிணறோ போரோ இருந்தா மே மாசம் போய் வாயில ஊத்திப் பாருங்க. எனக்குன்னா ஓஎம்ஆர்ல பள்ளிக்கரணைக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவுல தரைத்தளம் சும்மா குடுத்தாலும் வேண்டாம், ஈசிஆர்ல கடலைப் பாத்த மாதிரி மேட்டுல ஒரு பிளாட் கிடைச்சா, விலை கட்டுப்படியானா யோசிப்பேன்.