ஓபிடி என்றால் என்ன? 90 நாள் கணக்கு எதற்கு?

மாணவர் விசாவில் அமெரிக்கா போய் எம்.எஸ். முடித்தவர், அதே விசாவில் தங்கி, படித்த துறையில் 12 மாதம் வேலை பார்க்கக் கிடைக்கும் அனுமதிதான் ஓபிடி. பொறியியல், கணிதம் போன்றவை படித்தவர்களுக்கு 24 மாத நீட்டிப்பும் உண்டு.

அரசு இதைப் பயிற்சியாகத்தான் பார்க்கிறது. அதனால்தான் அந்த 12 மாதத்தில், விட்டுவிட்டு இருந்தாலும், மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது.

நம் செட்டிநாட்டுப் பையன்கள் அந்தக் காலத்தில் பர்மாவுக்குப் போனதும் வட்டிக்கடைப் பெட்டியடியில், அதாவது பணப்பெட்டி பக்கத்தில், உட்கார்ந்து வட்டிக்கணக்கு பழகினார்களே, கிட்டத்தட்ட அதுதான். என்ன, அவர்களுக்குப் பெட்டியடி தயாராக இருந்தது. இவர்கள் தேடிப் பிடிக்க வேண்டும்!

வேலை கிடைத்த பிறகுதான் ஓபிடிக்கு விண்ணப்பிக்கலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். தேவையே இல்லை, படிப்பு முடிய 90 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம்.