முகப்பழக்கம்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளை இரண்டு வருடமாகப் படிக்கிறேன். லண்டனில் தனியாகத் தொழில் செய்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் உங்களுக்கு எழுதலாம் என்று தைரியம் வந்தது.

நான் மதுரைப் பெண். கொழும்புக்காரரைக் கல்யாணம் செய்து வெள்ளவத்தைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. ஊரில் கற்ற ஆரி எம்பிராய்டரி வேலையை வைத்து வீட்டிலிருந்தே கல்யாண பிளவுஸ் செய்கிறேன். வீசா, தொழில் பதிவு எல்லாம் வக்கீலிடம் கேட்டு முறையாகச் செய்துவிட்டோம். என் பிரச்சினை வேறு.

இன்ஸ்டாகிராமில் என் பக்கத்தை 11,000 பேர் பார்க்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ‘சூப்பர் அக்கா’ என்று எழுதுவார்கள், ஆர்டர் வராது. இங்கே ஆர்டர் தருவதெல்லாம் எங்கள் அபார்ட்மென்ட்டிலும் கோயிலிலும் பழகியவர்கள். அவர்கள் ‘நமக்குள்ளே என்னம்மா’ என்று பாதி விலைக்குக் கேட்கிறார்கள். லிங்க்டின்னில் சேர்ந்தேன். அங்கே ராத்திரி பதினொரு மணிக்கு ‘ஹாய் டியர்’ என்று செய்தி வருகிறது. போன மாதம் ஒரு ஹோட்டலில் பெண் தொழில்முனைவோர் கூட்டத்துக்குப் போனேன். எல்லாரும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். டீக் கோப்பையோடு ஓரமாக நின்றேன். ஆறு விசிட்டிங் கார்டு கிடைத்தது. ஒருவருக்கும் இன்னும் எழுதவில்லை.

நாத்தனார், ‘குடும்பப் பெண் எதுக்கு ஊரெல்லாம் முகத்தைக் காட்டணும்’ என்கிறார். அதனால் என் பெயரும் படமும் இல்லாமல் பிளவுஸ் படம் மட்டும் போடுகிறேன். இதெல்லாம் எனக்குச் சரிவருமா? இல்லை, கிடைக்கிற ஆர்டரைச் செய்துகொண்டு பேசாமல் இருந்துவிடவா? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி, வெள்ளவத்தை

*

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்டபடி இங்கே உங்கள் பெயரைப் போடவில்லை. உங்கள் தொழிலில் அதைப் போட்டே ஆக வேண்டும் என்று சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த ஆறு அட்டைகள்.

நான் லண்டன் போன புதிதில் ஈஸ்ட்ஹாமில் ஒரு அறையில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பு வேலை தேடினேன். முதல் வருடம் முழுக்க நான் கேட்டதெல்லாம் நம் ஆட்களிடம். முருகன் கோவில், ஊர்ச் சங்கம், தெரிந்தவர் வீட்டுப் பிறந்தநாள். எல்லாரும் அன்பானவர்கள். பிறப்புச் சான்றிதழும் பள்ளிக்கூடக் கடிதமும் கொண்டுவருவார்கள். அதற்கு மேல் வேலை வரவில்லை. அவர்களுக்குத் தெரிந்த இடமெல்லாம் எனக்கும் தெரிந்த இடமாகவே இருந்தது.

பிறகு வந்த பெரிய வேலை, சனிக்கிழமைகளில் துணி துவைக்கும் கடையில் பார்த்த ஒரு கானா நாட்டுப் பெண் மூலம் வந்தது. மெஷின் சுற்றி முடியும்வரை பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்போம். என்ன செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டார், சொன்னேன். அவர் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் வரவேற்பாளர். அகதி வழக்குகளுக்குத் தமிழ் தெரிந்தவர் கிடைக்காமல் அங்கே அலைந்துகொண்டிருந்தார்கள். அவருடைய முழுப்பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த அலுவலகத்துக்கு நான் ஏழு வருடம் வேலை செய்தேன்.

எனக்கு நடந்தது அதிசயம் இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. 1973இல் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பொஸ்டனுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில், தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எத்தனை தடவை சந்திப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்திப்பவர் மூலம் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ சந்திப்பவர் மூலம் 27.8 சதவீதம். கேட்கப்பட்டவர்கள் ஐம்பத்துச் சொச்சம் பேர்தான், ஆனாலும் அந்தக் கணக்கு நிலைத்துவிட்டது. 2022இல் லிங்க்டின்னிலேயே ஐந்து வருடத் தரவுகளை, இரண்டு கோடிப் பேரை வைத்து ஆராய்ந்தார்கள். மிக நெருங்கியவர்களைவிட, ஓரளவு தூரத்தில் இருக்கும் பழக்கமே வேலை மாற உதவியது என்று கண்டார்கள். இரண்டும் வேலை தேடியவர்களைப் பற்றியவை. வாடிக்கையாளரைத் தேடுவதிலும் செய்தி இதே வழியாகத்தான் வந்து சேர்கிறது என்பது என் அனுபவம்.

இப்படி ஓரளவு தூரத்தில் இருக்கும் பழக்கத்துக்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: முகப்பழக்கம். உங்களுக்கு நெருக்கமான பழக்கம் போதிய அளவு இருக்கிறது. அபார்ட்மென்ட்டும் கோவிலும் உங்களை நன்றாகவே பார்த்துக்கொள்கின்றன. 11,000 பேர் பழக்கமே இல்லாதவர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்களிடம் ஒன்றும் இல்லை. அந்த ஆறு அட்டைகள்தான் அந்த நடு.

வெள்ளவத்தையைச் சின்ன யாழ்ப்பாணம் என்று சொல்வார்கள். தமிழிலேயே காய்கறி வாங்கி, தமிழிலேயே மருத்துவரிடம் கதைத்து, தமிழ்ச் சங்கத்தில் நிகழ்ச்சி பார்த்து வாழ்ந்துவிடலாம். வெளியூரிலிருந்து வந்த பெண்ணுக்கு அது பெரிய ஆறுதல், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கைவேலைக்குத் தேவை இருக்கும் இடம் அதற்கு வெளியேதான் கூடுதலாக இருக்கிறது. சிங்கள மணப்பெண் கண்டிய முறையில் ஒசரிச் சேலை உடுத்தும்போது போடும் ஜாக்கெட்டைப் பார்த்திருக்கிறீர்களா? தோளில் உப்பிய கை, அதில் மணி வேலை, கல் வேலை, சரிகை. ஒரு முறை நின்று உற்றுப் பாருங்கள். உங்கள் ஊசி அறியாத வேலை அதில் எதுவும் இல்லை. முஸ்லிம் மணப்பெண்களின் உடைகளிலும் இந்த வேலை நிறைய உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் நம் வீடுகளில் கல்யாணம் குறைவு, நீங்கள் சும்மா இருப்பீர்கள். அந்த மாதங்களில் அவர்கள் வீடுகளில் கல்யாணம் நடக்கும்.

இங்கே இன்னொரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சிங்களக் கல்யாணங்களில் பெரும்பாலும் பெண்ணை அலங்கரிக்கும் பிரைடல் டிரெஸ்ஸர்தான் சேலை, ஜாக்கெட், முடி, நகை எல்லாவற்றையும் பேசி முடிவு செய்கிறார். மணப்பெண் ஒரு தடவைதான் வருவாள். டிரெஸ்ஸர் வருடம் முழுக்க ஜாக்கெட் வேலை கொடுத்துக்கொண்டிருப்பார். ஆகவே உங்களுக்கு மணப்பெண்களின் கூட்டம் தேவையில்லை. நுகேகொடையிலும் மகரகமையிலும் தெஹிவளையிலும் நாலு டிரெஸ்ஸர்கள் உங்கள் வேலையைக் கையில் தொட்டுப் பார்த்திருந்தால் போதும். கையில் தொட்டு என்று சொல்கிறேன். போனில் எல்லா வேலையும் பளபளக்கும். ஒரு சாண் துணியில் நான்கைந்து மாதிரி செய்து, பின்பக்க முடிச்சுகளும் தெரியும்படி எடுத்துக்கொண்டு போங்கள். பின்பக்கம் சுத்தமாக இருப்பதைத்தான் தொழில் தெரிந்தவர் முதலில் பார்ப்பார். மணியும் நூலும் வாங்கப் புறக்கோட்டைக்குப் போவீர்கள் அல்லவா, அந்தக் கடைக்காரர்களிடமும் கேளுங்கள். யார் மொத்தமாகக் கல் வாங்குகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

சிங்களம் தெரியாது என்று தயங்க வேண்டாம். கற்றுக்கொள்ளுங்கள். அக்கா என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான், அதிலிருந்தே தொடங்கலாம். நான் கொழும்பில் பிறந்தவள், எனக்கே என் முப்பதுகளில்தான் சரளமாக வந்தது. பிழையாகப் பேசும்போது எதிரில் இருக்கும் சிங்களப் பெண் சிரித்துத் திருத்துவார். அந்தத் திருத்தத்தோடு பாதிப் பழக்கம் வந்துவிடும். கூட்டத்தில் தனியாக நிற்கும் அந்த நிமிடத்துக்கு எனக்கு ஒரு வழி இருந்தது: நேரத்தோடு போய்விடுவேன். பத்துப் பேர் இருக்கும் அறையில் கதைப்பது சுலபம். நூறு பேர் வந்த பிறகு எல்லாரும் ஏற்கெனவே வட்டமாக நின்றுவிடுவார்கள்.

சமூக ஊடகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டு ரசிகர்கள் இருக்கட்டும், அவர்கள் பாராட்டு உங்கள் களைப்புக்கு மருந்து. அந்த எண்ணிக்கையை மட்டும் தொழிலின் அளவாக வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தின் முகப்பில் கொழும்பு என்று மூன்று மொழியிலும் எழுதுங்கள். சேலை பிளவுஸோடு ஒசரி ஜாக்கெட்டும் போடுங்கள். லிங்க்டின்னில் தினமும் எழுத வேண்டியதில்லை. கூட்டத்தில் சந்தித்தவர் மறுநாள் உங்கள் பெயரைத் தேடினால், நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள் என்று அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், உங்கள் வாடிக்கையாளர்களின் பெயரும் எண்ணும் ஒரு கொப்பியில் கையால் எழுதி இருக்கட்டும். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது இங்கே முகநூலையும் வாட்ஸ்அப்பையும் அரசு தடுத்தது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாட்கணக்கில் தடுத்தது. 2022 ஏப்ரல் 3ஆம் தேதியும் நடந்தது. 2019இல் எனக்குத் தெரிந்த கேக் செய்யும் பெண் ஒருத்தி, யாருக்கு எந்தத் தேதிக்கு என்ன கேக் என்பதையெல்லாம் முகநூல் செய்திகளிலேயே வைத்திருந்தாள். முன்பணம் வாங்கியவர்களைக்கூடக் கூப்பிட முடியாமல் அழுதாள்.

சரி, பெயருக்கும் முகத்துக்கும் வருகிறேன். உங்கள் நாத்தனார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வெளியே தெரியும் பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பார்த்து வந்த பயம் அது. ராத்திரி பதினொரு மணிச் செய்தி அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்றே காட்டுகிறது. ஆனால் பெயர் இல்லாத பக்கத்தில் என்ன நடக்கும் தெரியுமா? உங்கள் பிளவுஸ் படத்தை எடுத்து வேறொருவர் தன் வேலை என்று போடலாம். டிரெஸ்ஸர் ஒருவர் இன்னொருவரிடம் உங்களைச் சொல்ல நினைத்தால் என்ன சொல்வார்? ‘வெள்ளவத்தையில் ஒரு பிள்ளை இருக்கிறாள்’ என்றுதான் சொல்ல முடியும். அந்தச் சொல் உங்கள் வீட்டுக் கதவுவரை வந்து சேராது. என்னுடைய மொழிபெயர்ப்புகளில் நான் இரண்டு வருடம் பெயர் போடவில்லை, அடக்கம் என்று நினைத்துக்கொண்டு. ஒரு நிறுவனம் அவற்றைத் தன் ஊழியர் செய்ததாகக் காட்டியபோது எனக்கு நிரூபிக்க ஒன்றும் இருக்கவில்லை. பெயர் கட்டாயம் வேண்டும். முகம் உங்கள் விருப்பம். வேலை செய்யும் கைகளையும், குனிந்து சட்டத்தில் தைக்கும் உங்கள் தோளையும் காட்டினாலே இது மனுஷி செய்த வேலை என்று தெரியும். வீட்டையும் குழந்தைகளையும் அந்தப் பக்கத்துக்குள் கொண்டுவர வேண்டாம். முழு முகவரியை ஆர்டர் உறுதியான பிறகு கொடுங்கள். எங்கேயாவது போனால், திரும்பி வந்த பிறகு படம் போடுங்கள்.

தொழிலுக்குத் தனி சிம் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரைதான் பதில் தருவேன் என்று அதுவே சொல்லும்படி அமைக்கலாம். ‘ஹாய் டியர்’ என்பவருக்கு ஒரு சொல்கூடப் பதில் வேண்டாம், விளக்கமும் வேண்டாம், தடுத்துவிடுங்கள். மிரட்டலோ ஆபாசமோ வந்தால் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு வைத்துக்கொண்டு, கணவரிடமும் சொல்லுங்கள். பெண்களுக்கான 1938 உதவி எண் இருக்கிறது. 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் இணையத் தொல்லை ஒரு குற்றம். அந்தச் சட்டம் கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்ற விமர்சனத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் தொல்லைப்பட்ட பெண் அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை. யாரோ ஒருவன் எழுதிய செய்திக்கு நீங்கள் ஒருபோதும் வெட்கப்பட வேண்டாம் தங்கச்சி. நான் வெட்கப்பட்டு ஒரு நல்ல தொழிற்குழுவை விட்டே விலகினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நாத்தனாரை (நாங்கள் மச்சாள் என்போம்) ஒருநாள் புறக்கோட்டைக்குக் கல் வாங்கக் கூட்டிக்கொண்டு போங்கள். டிரெஸ்ஸரைப் பார்க்கப் போகும்போதும் அவர் வரட்டும். கொழும்பில் வளர்ந்தவருக்கு ஓரளவாவது சிங்களம் தெரிந்திருக்கும்.

ஆறு அட்டைகளையும் மேசையில் பரப்புங்கள். யாருடைய முகம் ஞாபகம் வருகிறதோ அவருக்கு மட்டும் இன்றைக்கு எழுதுங்கள். ‘போன மாதம் ஹோட்டலில் சந்தித்தோம், நான் ஆரி வேலை செய்கிறேன், இது நேற்று முடித்த ஜாக்கெட், மணப்பெண் அலங்காரம் செய்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?’ இவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்டுத் தொடங்காதீர்கள். ஒரு மாதம் தாமதம் இதில் பெரிய தாமதம் இல்லை.

இன்னொன்று. தை மாதம் என் மச்சாளின் மகளுக்குக் கல்யாணம். மூன்று பிளவுஸ் வேண்டும். உங்கள் மின்னஞ்சலுக்கு என் எண்ணை அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம், மாதிரிகளை எடுத்து வையுங்கள். விலையை முழுதாகச் சொல்லுங்கள்.