டென்னிஸில் முதல் பத்து இடங்களுக்குள் ஒருமுறைகூட வராமல் ஓய்வு பெற்ற ஒருவரைச் சாதித்தவர் என்று சொல்ல முடியுமா? சொல்வதானால் யாரைச் சொல்வீர்கள்?

தாராளமாகச் சொல்லலாம். நான் சொல்வது ஹங்கேரியின் மெலிண்டா ட்ஸிங்க்கை. 1982இல் புடாபெஸ்டில் பிறந்த இடக்கை ஆட்டக்காரர். டபிள்யூ.டி.ஏ. (பெண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) ஒற்றையர் பட்டம் ஒன்றே ஒன்று. தரவரிசையில் தொட்ட உச்சம் 37.

தீவிரமாக டென்னிஸ் பார்ப்பவர்களிலேயே பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் இன்னொருவர் கதையின் வழியாகத்தான் தெரிந்திருக்கும். 2005 ஜனவரியில் கான்பெரா இறுதி ஆட்டத்தில் ட்ஸிங்க்குக்கு எதிரே நின்றவர் 17 வயது அனா இவானோவிச். 7-5, 6-1 என்று இவானோவிச் வென்றார். அதுதான் அவருடைய முதல் பட்டம். 2008இல் அவர் பிரெஞ்ச் ஓபனை வென்று உலகின் முதலிடத்துக்கே போய்விட்டார். அன்று தோற்றவருக்கோ முதல் பட்டம் கைக்கு வரக் கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள் ஆயின.

அந்த ஐந்து ஆண்டுகளை நினைத்தால்தான் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கிராண்ட் ஸ்லாம் பிரதானச் சுற்றில் 128 பேர் ஆடுகிறார்கள். தரவரிசையை வைத்து நேரடியாக நுழைவது நூற்றுச் சொச்சம் பேர்தான். அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்துத்தான் உள்ளே வர முடியும். அங்கும் வழியில்லாத வாரங்களில் சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் (ஐ.டி.எஃப்.) கீழ்நிலைப் போட்டிகள். அந்தக் காலத்தில் 25,000 டாலர் போட்டி என்று ஒரு தரம் உண்டு. கேட்கப் பெரிய தொகை போலத் தோன்றும். ஆனால் அது மொத்தப் பரிசுப் பணம். ஒற்றையர் பட்டம் வென்றவர் கையில் நாலாயிரம் டாலர்கூட வராது, அதிலும் வரி போகும். விமான டிக்கெட், ஓட்டல், பயிற்சியாளர் சம்பளம், மட்டைக்கு நரம்பு கட்டும் செலவு எல்லாம் சொந்தப் பணம். முதல் சுற்றிலேயே தோற்றால் அந்த வாரம் முழுக்க நஷ்டம்தான். அதே நேரத்தில், 2009 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். 90ஆம் இடத்துக்கும் 130ஆம் இடத்துக்கும் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வருமானத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

போதாக்குறைக்கு, வாங்கிய தரவரிசைப் புள்ளிகளும் நிலைப்பதில்லை. 52 வாரம் ஆனதும் கணக்கிலிருந்து கழிந்துவிடும். தரவரிசை என்பது வாடகை வீடு மாதிரி, வருஷா வருஷம் திரும்பவும் கொடுத்தால்தான் உள்ளே இருக்க முடியும். போன வருஷம் இதே வாரத்தில் அரையிறுதி ஆடியிருந்தால் இந்த வருஷமும் அந்த அளவுக்கு எங்காவது ஆடியாக வேண்டும். கணுக்கால் பிசகி ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்தாலே சறுக்கல்தான். இந்தச் சுழலில் பல வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு, 26 வயதில் தன் உச்சத்தைத் தொட்டார் ட்ஸிங்க்.

இடம் கனடாவின் கியூபெக் நகரம், 2009 செப்டம்பர். அமெரிக்க ஓபன் முடிந்த அடுத்த வாரம், பெரிய தலைகள் பலர் ஓய்வெடுக்கும் நேரம். உள்ளரங்கில், அப்போதே அரிதாகிவிட்ட கார்பெட் தளத்தில் ஆட்டம். கார்பெட்டில் பந்து அதிகம் எழும்பாது, வழுக்கிக்கொண்டு ஓடும். இடக்கைக்காரர் அட்வான்டேஜ் பக்கம், அதாவது கோர்ட்டின் தன் இடப்பாதியிலிருந்து, வெட்டிப் போடும் சர்வ் அங்கே தனி ஆயுதம். வலக்கைக்காரரின் பேக்ஹேண்ட் பக்கம் தாழ்வாக வந்து, கோர்ட்டுக்கு வெளியே வளைந்து போகும். துரத்திப் போய் எடுத்தாலும் அவருடைய கோர்ட்டின் மறுபக்கம் முழுக்கக் காலியாகிவிடும். 40-30, 30-40, அட்வான்டேஜ் என்று கேமை முடிக்கும் புள்ளிகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கத்தில்தான் ஆடப்படும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் இறுதியில் எதிரே நின்ற லூசி ஷஃபரோவாவும் இடக்கைக்காரர்தான்! அந்தச் சாதகம் அங்கே செல்லாது. முதல் செட் 4-6 என்று போனது. இரண்டாவதை 6-3 என்று எடுத்து, மூன்றாவதை 7-5 வரை இழுத்துப் பிடித்து வென்றார். மறுநாள் வந்த தரவரிசையில் 37. அதற்கு மேல் அவர் போகவேயில்லை. இன்னும் சில வருஷம் ஆடிவிட்டு ஓய்வு பெற்றார்.

ஹங்கேரிக்கு டென்னிஸ் புதிதல்ல. பலாஷ் தரோட்சி 1985இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றவர். ட்ஸிங்க்கைவிட ஆறு வயது இளையவரான ஆக்னெஷ் சாவாய் 18 வயதில் அமெரிக்க ஓபன் காலிறுதி ஆடி, 13ஆம் இடம் வரை போனார். முதுகுவலி விடாமல் துரத்த, 24 வயதிலேயே மட்டையைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. அந்த வயதில் ட்ஸிங்க் தன் முதல் பட்டத்தைக்கூடப் பார்க்கவில்லை. இருவரில் யார் பெரியவர் என்று எடைபோட எனக்கு விருப்பமில்லை. திறமையில் சாவாய் ஒரு படி மேல் என்பதில் சந்தேகமும் இல்லை.

முதல் பத்து என்ற கோட்டை யார் போட்டார்கள் என்பதுதான் என் கேள்வி. டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் தரவரிசையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். எல்லோரும் சின்ன வயதிலேயே மட்டை பிடித்தவர்கள், எல்லோரும் ஊரில் முதலாக வந்தவர்கள். அவர்களில் 37ஆம் ஆள் என்றால் உலகத்தில் அந்த வேலையை அவரைவிட நன்றாகச் செய்பவர்கள் 36 பேர் மட்டுமே. வேறு எந்தத் தொழிலில் இருப்பவரைப் பார்த்தும் இது போதாது என்று நாம் சொல்ல மாட்டோம்.

இன்னொரு பெயர் கேட்டால், புடாபெஸ்டில் பிறந்து சில காலம் ஜெர்மனிக்காகவும் ஆடிய கிரேட்டா ஆர்ன். 2007இல் போர்ச்சுகலின் எஸ்டோரில் போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து, பின்னாளில் உலகின் முதலிடத்துக்குப் போன 17 வயது அசரென்காவை இறுதியில் மூன்றாவது செட் டைபிரேக்கில் (6-6 ஆனதும் செட்டை முடிக்க ஆடும் கேம்) வென்றவர். 2011 ஆக்லாந்தில், 31 வயதில், காலிறுதியில் ஷரபோவாவை 6-2, 7-5 என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கோப்பையையும் எடுத்தார். அவர் உச்சம் 40.