பட்டறைப் பதில்கள்: கியரே போடாத காருக்குக் கியர் ஆயிலா?

கேள்வி: ஐயா, மின்சாரக் கார் வாங்கி மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாங்கும்போது, "இனி ஆயில் மாற்றுகிற செலவே உங்களுக்குக் கிடையாது" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்கள். போன வாரம் என் மைத்துனர், "கியர்பாக்ஸ் ஆயில் மாற்றினீர்களா?" என்று கேட்கிறார். கியரே போடாத காருக்குக் கியர்பாக்ஸ் எதற்கு? யார் சொல்வது சரி?
(திருப்பூர் வாசகர்)

பதில்: மைத்துனர் சொல்வதுதான் சரி. இந்தப் பக்கத்தைக் காட்டி அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

சாவி கொடுத்தவர் சொன்னது எஞ்சின் ஆயிலை. எஞ்சின் இல்லை, ஆகவே அந்த ஆயிலும் இல்லை. ஆனால் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் கார் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நகரும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போனால் சக்கரம் நிமிடத்துக்கு 830 சுற்றுச் சுற்றுகிறது. மோட்டாரோ பத்தாயிரம் சுற்றைச் சாதாரணமாகத் தாண்டக்கூடியது. இந்த இரண்டையும் இணைத்து வைப்பது பல்சக்கரங்கள்தான். நிசான் லீஃபில் எட்டுக்கு ஒன்று என்ற அளவில் வேகத்தைக் குறைக்கிறார்கள். டெஸ்லா மாடல் எஸ்ஸில் ஒன்பதே முக்காலுக்கு ஒன்று. அதாவது நீங்கள் நூறில் போகும்போது அந்தப் பெட்டிக்குள் முதல் பல்சக்கரம் நிமிடத்துக்கு ஆறாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மேல் சுழல்கிறது. வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழி செய்யும் டிஃபரன்ஷியலும் அதே பெட்டியில்தான். கையால் போட கியர் இல்லையே தவிர, உள்ளே கியர் இருக்கிறது. அது குளிப்பதற்குப் பல கார்களில் ஒரு லிட்டர் அல்லது கொஞ்சம் கூடுதலாக ஆயில் இருக்கும். அவ்வளவுதான்.

இங்கே எதுவும் எரிவதில்லை, கரி சேர்வதில்லை. அப்புறம் ஆயில் ஏன் கெடுகிறது? உலோகத்தால் கெடுகிறது. நான் கார் பட்டறை வைப்பதற்கு முன் பதினோரு ஆண்டுகள் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவன். புது கியர்பாக்ஸ் மாட்டினால் எங்கள் ஃபோர்மேன் முதல் ஆயிலைச் சீக்கிரமே இறக்கச் சொல்லிவிடுவார். புதுப் பற்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்வரை பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பொடியோடேயே ஆயிலைச் சுற்றவிட்டால், பல்லைக் காக்க வேண்டிய ஆயிலே பல்லைத் தேய்க்கும்.

காரில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது அல்லவா? அப்போது சக்கரம் மோட்டாரை இழுக்கிறது. பல்லின் மறுபக்கத்தில் சுமை விழுகிறது, அந்தப் பக்கமும் உரசித் தேய்கிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழி முழுக்க அந்த மறுபக்கம்தான் உழைக்கிறது.

சென்ற மாதம் 41,000 கி.மீ. ஓடிய ஒரு காரில் முதல் தடவையாக ஆயில் இறக்கினேன். தட்டில் விழுந்தது தார் மாதிரிக் கருப்பு. வெள்ளை டைல்ஸ் துண்டில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் சாய்த்தால் வெள்ளி மினுங்கியது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தேன். கண்மை போல வழவழப்பு. அது நல்ல செய்தி. நெறுநெறுவென்று மணல் மாதிரித் தட்டுப்பட்டாலோ, நகத்தில் செதில் மாட்டினாலோதான் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஆயிலை இறக்கக் கழற்றும் அடி மூடி, அதாவது டிரெயின் பிளக்கில், காந்தம் இல்லை. அதனால் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைத் தட்டிலேயே போட்டு வைத்திருந்தேன். எடுத்தபோது முள்ளம்பன்றிபோலச் சிலிர்த்துக்கொண்டு வந்தது. கார்க்காரர் அதைப் படம் பிடித்துப் போய்விட்டார், வீட்டில் காட்டுவதற்காம்.

எப்போது மாற்றுவது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி பேச்சு மாறும். சிலர் கிலோமீட்டர் கணக்குச் சொல்கிறார்கள். சிலர் "ஆயுள் முழுவதும் போதும்" என்று எழுதிவிடுகிறார்கள். வண்டியின் ஆயுளா, வாரண்டியின் ஆயுளா என்று யாரும் எழுதுவதில்லை. கார்ப் புத்தகத்தில் குறைந்த கணக்கு இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் முதல் மாற்றம் முப்பது, நாற்பதாயிரத்துக்குள் இருக்கட்டும்; அடுத்ததற்கு அவசரமில்லை. இது என் பட்டறைக் கணக்கு. உங்களுக்கு 62,000 ஆகிவிட்டது, மாற்றிவிடுங்கள். வாரண்டி மிச்சம் இருந்தால் அங்கீகாரம் பெற்ற சர்வீஸிலேயே செய்து பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஊற்றுகிற பிளக்கை முதலில் கழற்றுகிறாரா என்று பாருங்கள். கீழே இறக்கிவிட்டு, மேலே பிளக் துருப்பிடித்து வராவிட்டால் கார் அங்கேயே படுத்துக்கொள்ளும். பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் குறித்த இடத்தில் மட்டுமே ஜாக்கி வைக்க வேண்டும். ஆரஞ்சு நிற ஒயரில் ஓடுவது உயர் மின்னழுத்தம், அந்தப் பக்கம் கையே போகக்கூடாது. வாஷர் புதிதாக இருக்கட்டும். பெட்டி அலுமினியம், பலம் காட்டி முறுக்கினால் மரை போய்விடும், அளவு பார்த்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் வேண்டும்.

கேள்வி: என் ஜீப்புக்கு வாங்கிய 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஒன்றரை லிட்டர் மிச்சம் இருக்கிறது. மின்சாரக் காருக்கு அதையே ஊற்றலாமா?
(கரூர் வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம். லீஃபுக்கு நிசான் சொல்வது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் மெல்லிய மேட்டிக்-எஸ். ஹூண்டாய் கோனா மின்சாரக் காருக்கு 70டபிள்யூ, ஜி.எல்.-4. (டபிள்யூ எண் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும்; ஜி.எல். எண் கியர் ஆயிலின் தர வகை.) கெட்டியான ஆயிலைக் கடைந்துகொண்டே ஓடினால் ஒரு சார்ஜில் போகிற தூரம் குறையும். தவிர, ஜீப்பின் பின் ஆக்ஸிலுக்கான ஜி.எல்.-5 ஆயிலில் கந்தகச் சேர்க்கை அதிகம். அது செம்புக்கு ஆகாது. டெஸ்லா மாடல் 3 போன்ற கார்களில் கியருக்கான ஆயிலே மோட்டாரையும் குளிர்விக்கிறது. மோட்டாருக்குள் சுற்றியிருப்பது செம்புக் கம்பி. மிச்ச ஆயில் ஜீப்புக்கே இருக்கட்டும்.

கேள்வி: மழையில் எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீரில் மெதுவாக ஓட்டி வந்தேன். சக்கரத்தில் பாதி மூழ்கியது. கார் நன்றாகத்தான் ஓடுகிறது. ஏதாவது பார்க்க வேண்டுமா?
(வேளச்சேரி வாசகர்)

பதில்: பார்க்க வேண்டும். ஓடிச் சூடான கியர்பெட்டி சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பெட்டி மூச்சு விடுவதற்காக வைத்த காற்றுக் குழாயின் வாய் நீருக்குள் இருந்தால் அதன் வழியாகவும், தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். ஊற்றுகிற பிளக்கைத் திறந்து கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். அன்றே இறக்கிப் புது ஆயில் ஊற்றி, ஐந்தாறு கி.மீ. ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். இரண்டாவது லிட்டருக்குக் கணக்குப் பார்த்தால் பேரிங்குக்குச் சேர்த்துக் கொடுக்க நேரிடும். தண்ணீர் ஏறி வண்டி நின்றேவிட்டது என்றால் கதையே வேறு. சாவியைத் தொடாதீர்கள், சார்ஜரைச் செருகாதீர்கள். இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கேள்வி: இறக்கிய ஆயிலைக் கேட்டு வாங்கி வந்து வேலிக் கம்பத்துக்கு அடிக்கலாமா? கரையானுக்கு நல்லது என்கிறார்களே?
(உடுமலை வாசகர்)

பதில்: என் தாத்தாவும் அடித்தார். அடுத்த மழையில் அது கிணற்றுக்குப் போகும் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. பழைய ஆயில் இன்று சட்டப்படி அபாயக் கழிவு. பட்டறைப் பீப்பாயிலேயே விட்டு வாருங்கள். உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். கம்பத்துக்குக் கல் கம்பம் நடுங்கள்.