வாசகர் கேள்வி – பதில்: இத்தாலியக் கரையில் குறைந்த செலவில் தங்க

இம்முறை கேள்விகள் பெரும்பாலும் சின்குவே தெர்ரே பற்றியவை. இத்தாலியின் வடமேற்கே, லிகுரியாக் கரையில், மலைக்கும் கடலுக்கும் இடையில் செருகி வைத்ததுபோல் இருக்கும் ஐந்து ஊர்கள்: மொந்தெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கோர்னிலியா, மனரோலா, ரியோமஜோரே. 1997 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தவை. ஐந்தையும் ஒரே ரயில் பாதை இணைக்கிறது. அதன் ஒரு முனை லா ஸ்பெட்சியா, மறுமுனை லெவந்தோ.

கேள்வி: நானும் மகளும் ஜூனில் மூன்று இரவு தங்க நினைக்கிறோம். மனரோலாவில் ஹொஸ்டல் (பொது அறையில் கட்டில் கணக்கில் தங்கும் விடுதி) எடுப்பதா, லா ஸ்பெட்சியாவில் எடுப்பதா? லா ஸ்பெட்சியாவில் ஒரு கட்டிலுக்கு இரவுக்கு 15 யூரோ குறைவாகக் காட்டுகிறது. – வாசகி, உப்புவெளி

பதில்: லா ஸ்பெட்சியா. ஆனால் 15 யூரோவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் அம்மா, ரயில் காசையும் சேர்த்துப் பாருங்கள். பருவகாலத்தில் இந்தப் பாதையில் ஒரு வழிப் பயணத்துக்கே 5 முதல் 10 யூரோ வரை போகிறது. எவ்வளவு என்பது அன்றைய நெரிசலைப் பொறுத்தது. இரண்டு மூன்று ஊர் பார்க்கும் நாளில் எங்கே படுத்தாலும் நாள் முழுதும் ஏறி இறங்கும் சின்குவே தெர்ரே அட்டை வாங்கத்தான் வேண்டும். அந்த நாளில் 15 யூரோவும் முழு மிச்சம். மனரோலாவில் சும்மா இருந்து கடல் பார்க்கும் நாளிலோ போகவர ரிக்கற்றுக்கே 10 முதல் 20 யூரோ போய்விடும், மிச்சம் பெரிதாக இராது, கையைக் கடிக்கவும் கூடும். மூன்று நாளையும் எப்படிக் கழிக்கப் போகிறீர்கள் என்று எழுதி வைத்துவிட்டுக் கணக்குப் பாருங்கள்.

லா ஸ்பெட்சியா, எங்கள் திருகோணமலையைப் போலவே கடற்படைத் துறைமுகம். சனம் குடியிருந்து வேலை செய்யும் நகரம் என்பதால் சுப்பர் மார்க்கெற், உடுப்புத் தோய்க்கும் கடை எல்லாம் உள்ளூர் விலையில் கிடைக்கும். ரியோமஜோரேக்கு ரயிலில் பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம்.

பதிவு செய்யும்போது ஒரு பொறி இருக்கிறது. ஹொஸ்டலின் பெயரில் "சின்குவே தெர்ரே" என்று போட்டிருக்கும். வரைபடத்தில் பார்த்தால் மலைக்கு மேலே வேறொரு கிராமத்தில் இருக்கும், பஸ்ஸை நம்பித்தான் போக வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஹொஸ்டலுக்கு எழுதிக் கேட்ட பிறகே காசு கட்டுங்கள். கோர்னிலியாவில் மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள். ஊர் கடலிலிருந்து ஏறக்குறைய 100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ரயில் நிலையமோ கீழே. கோணேசர் கோயிலுக்கு ஏறுவதுபோல் சாய்வான வீதி அல்ல, 33 திருப்பங்களில் 382 செங்கல் படிகள். சிறு பஸ் ஒன்று ஓடுகிறது, ஆனால் இரவில் அதை எதிர்பார்க்க முடியாது. மனரோலாவிலும் நிலையத்திலிருந்து மேல்நோக்கித்தான் நடை. சில்லுப் பெட்டியை விட்டுவிட்டு முதுகுப்பையோடு போங்கள்.

மூன்று இரவுக்கு இடம் மாற வேண்டாம். காலை பத்து மணிக்கு வெளியே விட்டால், அடுத்த இடத்தில் பின்னேரம் மூன்று நான்கு மணிக்குத்தான் உள்ளே எடுப்பார்கள். பகலில் துப்புரவுக்காகக் கதவை மூடும் ஹொஸ்டல்களும் உண்டு. அரை நாள் வீதியில் போய்விடும்.

மகளுக்கு 18 வயது ஆகவில்லை என்றால், பொது அறையில் கட்டில் தர மறுக்கும் இடங்கள் உண்டு. வயதைச் சொல்லி முதலில் கேளுங்கள், இல்லாவிட்டால் இருவர் அறை எடுங்கள். லொக்கருக்குச் சொந்தப் பூட்டும் துவாயும் கொண்டு போங்கள், இரண்டும் அங்கே தனிக் காசு. இரவுக்கும் ஆளுக்குமாகக் கணக்கிடும் தங்கல் வரி பதிவு விலையில் பெரும்பாலும் சேராது, சில்லறையாகக் கையில் வைத்திருங்கள். கடவுச்சீட்டை வாங்கிப் பதிவார்கள், பயப்பட வேண்டாம். விருந்தினர் விபரத்தை 24 மணித்தியாலத்துக்குள் பொலிசுக்கு அறிவிப்பது அங்கே சட்டம்.

கேள்வி: ஹொஸ்டல் பதிவை விசாவுக்குக் காட்டலாமா? சில நாள் பலெர்மோவில் அண்ணன் வீட்டிலும் நிற்பேன். – வாசகர், திருகோணமலை நகர்

பதில்: தாராளமாகக் காட்டலாம். ஆனால் இடையில் ஓர் இரவுகூட வெறுமையாக இருக்கக் கூடாது. இறங்கும் நாளிலிருந்து திரும்பும் நாள்வரை ஒவ்வொரு இரவுக்கும் ஒரு முகவரி இருக்க வேண்டும். நான்கு கட்டிலை ஒருவர் பெயரில் பதிந்திருந்தால், நால்வர் பெயரும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்திலேயே வரும்படி ஹொஸ்டலிடம் மின்னஞ்சல் கேட்டு வாங்குங்கள். அண்ணன் வீட்டு இரவுகளுக்கு அவர் கையெழுத்திட்ட அழைப்புக் கடிதமும் அவருடைய வதிவிட அனுமதிப் பிரதியும் வேண்டும். நீங்கள் போய்ச் சேர்ந்ததும் 48 மணித்தியாலத்துக்குள் அவர் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். பலபேர் மறக்கிற விடயம் இது.

குறுகியகால ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ, 2024 ஜூன் முதல். பயண மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் எடுக்கமாட்டார்கள். ஆகவே இரத்துச் செய்யக்கூடிய பதிவையே எடுங்கள். முற்பணத்தைத் திருப்பித் தராத பதிவு இணையத்தளங்களும் இருக்கின்றன.

கேள்வி: நாங்கள் ஹலால் பார்ப்பவர்கள். கறித்தூள் கொண்டுபோய் ஹொஸ்டலில் சமைக்கலாமா? – வாசகி, கிண்ணியா

பதில்: கறித்தூள், மிளகாய்த்தூள் கொண்டு போகலாம். பச்சைக் கறிவேப்பிலையை விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், இறைச்சி, பால் பொருட்களும் அப்படியே. மாசிக்கருவாட்டுக்குத் தடையில்லை, ஆனால் எட்டுப் பேர் படுக்கும் அறையில் அந்தப் பொதியைத் திறப்பது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

குசினி எல்லா ஹொஸ்டலிலும் இல்லை, பதியும்போதே பாருங்கள். இருந்தாலும் எண்ணெய் காயவைத்துக் கடுகு தாளித்தால் புகை எச்சரிக்கை மணி அடிக்கும். கறியைத் தண்ணீரில் வேகவிட்டு, எண்ணெயைக் கடைசியில் விடுங்கள். கடையில் "ரீசோ" என்று மட்டும் எழுதிய அரிசி பெரும்பாலும் குட்டையான, பசைத்தன்மையுள்ள வகை. எங்கள் முறையில் வடித்தால் கஞ்சியாகிவிடும். "பஸ்மாத்தி" என்று எழுதியதைத் தேடி எடுங்கள்.

வெளியே சாப்பிட ஃபரினாத்தாவைச் சொல்வோம். கடலை மா, தண்ணீர், ஒலிவ் எண்ணெய், உப்பு, வேறொன்றுமில்லை. அகன்ற செப்புத் தட்டில் மெல்லிதாக ஊற்றி விறகடுப்பில் சுடுகிறார்கள். ஓரம் மொறுமொறுப்பு, நடு மெத்தென்றிருக்கும்; மேலே மிளகுத்தூள் தூவி, துண்டாக வெட்டித் தருவார்கள். அதே கத்தியால் பன்றி இறைச்சி பீட்சாவும் வெட்டுவார்கள், வேறு கத்தியால் வெட்டச் சொல்லுங்கள். ஃபொக்காச்சா ரொட்டி வாங்கும்போது "ஸ்த்ரூத்தோ" சேர்த்ததா என்று கேளுங்கள். அது பன்றிக் கொழுப்பு. பெஸ்தோ என்ற பச்சை இலைச் சோஸில் பார்மிஜானோ சீஸ் போடுவார்கள். அந்தச் சீஸை உறையவைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள். ஹலால் பார்ப்பவர்களும் சைவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: ரயிலில் ஏறுமுன் ரிக்கற்றில் ஏதோ அடிக்க வேண்டுமாமே? – வாசகர், சாம்பல்தீவு

பதில்: ஆம். காகித ரிக்கற்றை மேடையிலோ வாசலிலோ உள்ள சிறு இயந்திரத்தில் நுழைத்துத் திகதி பதிக்க வேண்டும். காசு கட்டி வாங்கியிருந்தாலும் பதிக்காவிட்டால் தண்டம்தான். "ஷொப்பெரோ" என்ற சொல் அறிவித்தலில் தெரிந்தால் அன்று வேலைநிறுத்தம். வார நாட்களில் காலை 6 – 9, மாலை 6 – 9 மணிக்குள் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் ஓடும். விமானத்துக்குப் போகும் நாள் அதில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒக்டோபர் கடைசியில் விலை குறைவு. போகலாமா? செருப்போடு நடக்க முடியுமா? – வாசகர், நிலாவெளி

பதில்: இங்கே வாடை மழை பிடிக்கும் அதே நாட்களில்தான் அங்கேயும் பெருமழை. 2011 ஒக்டோபர் 25 இல் வெர்னாட்ஸாவும் மொந்தெரோஸ்ஸோவும் சேற்று வெள்ளத்தில் மூழ்கின. மழை எச்சரிக்கை வந்தால் நடைபாதைகளை மூடிவிடுவார்கள். விலையும் வானமும் ஒத்துவருவது செப்டெம்பர் கடைசியில். பாதையில் பாட்டாச் செருப்புக்குத் தண்டம் உண்டு, அடிப்பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும். ரியோமஜோரே – மனரோலா "காதல் பாதை" 2012 இல் மண்சரிவால் மூடப்பட்டு 2024 இல் திறந்தது. அதற்குத் தனிக் கட்டணம், நேரமும் முன்பதிய வேண்டும்.

கேள்வி: அமால்பிக் கரையில் மலிவாகத் தங்க எங்கே? – வாசகர், மூதூர்

பதில்: சலேர்னோ. நாப்போலியிலிருந்து (நேப்பிள்ஸ்) நேரே ரயில் வருகிறது. கோடையில் அங்கிருந்து அமால்பிக்கும் பொசித்தானோவுக்கும் படகு ஓடும். அமால்பியில் ரயில் நிலையமே இல்லை. பஸ்ஸில் போவதானால் முதல் தரிப்பிடத்திலேயே ஏறுங்கள். வழியில் நின்றால் நிறைந்த பஸ் நிற்காமல் போகும்.